எட்டால் பெருக்கிய தூரம்

நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் ஒரே பணியாளரான அவர் அசையாமல் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த இருபது நிமிடமும் நிலநடுக்கமானியின் உருளைத் தாளில் நடை பதிந்திருந்தது. இரண்டிரண்டு கீறல்கள், சீரான இடைவெளியில்.

கருவி அறையில் பணியாளர் நடந்தால் அதுவும் பதியும். ஆகவே பதிவேட்டில் 'சொந்த நடை' என்று எழுதித் தள்ளிவிடுவது வழக்கம். ஒரு வாரமாக அவரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எழுதிவந்தார்.

இப்போதுதான் அளவுகோலை எடுத்தார். சொந்த நடை என்றால் கீறல் ஒன்றாகத்தான் விழும். தூரத்து அதிர்வில்தான் முதல் அலை முன்னே வரும், இரண்டாம் அலை பின்தங்கும். இடைப்பட்ட விநாடிகளை எட்டால் பெருக்கினால் அதிர்வு எழுந்த இடத்தின் தூரம், கிலோமீட்டரில். திங்களன்று ஐந்து விநாடி, நாற்பது கிலோமீட்டர். புதனன்று மூன்று. இன்று காலை ஒன்று.

நிலநடுக்கம் என்றால் பாறைப் பிளவில் ஒரு பக்கம் சரியலாம், மற்றதன் மேல் ஏறலாம், பக்கவாட்டில் உரசி நழுவலாம். எதுவானாலும், அதிர்வு எழும் இடம் மாற மாற முள்ளின் முதல் அசைவு ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று மாறும். இங்கே அத்தனையும் மேல்நோக்கியே இருந்தன. கீழிருந்து எதுவோ முட்டுகிறது.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, மத்த ரெண்டு ஸ்டேஷன்லயும் ஏதாவது பதிஞ்சிருக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க நடந்ததா இருக்கும்."

"நான் உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன்பா."

"தனியாவே இருந்து உங்களுக்கு மண்டை கொழம்பிப் போச்சுண்ணே. லீவு போட்டு ஊர்ப்பக்கம் போங்க."

போவதற்கு ஊரில் யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். பயத்தைவிட அது அதிகமாக வலித்தது.

முள் மறுபடி அசைந்தது. அரை விநாடி. கால் விநாடி. சூடான எண்ணெய் வாடை, ஈர மண் வாடை. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்ற வெயில், ஆளில்லாத சாலை.

பிறகு இடைவெளியே இல்லை. ஒற்றைக் கீறல்.

முள் நின்றது.

வெளியேறிவிட்டால் பிழைத்தார். கதவு பன்னிரண்டு அடி தூரம். செருப்பைத் தேடக்கூட நேரமில்லை. எழுந்து வலது காலை வைத்தார். தரை சில்லென்றிருந்தது. இடது காலை வைத்தார்.

அது சில்லென்றில்லை.

சிமெண்டுக்கு அடியிலிருந்து ஒரு பாதம், குதிகாலுக்குக் குதிகால், விரலுக்கு விரல், அவர் பாதத்தோடு வெதுவெதுப்பாகப் பொருந்தி, மெல்ல மேலே அழுத்தியது.