நரிமேட்டுத் தாடைகள்

"மேக்கால மழை கொட்டுதுங்க அம்மிணி! இன்னும் ரெண்டு மணி நேரத்துல நரிமேடு முங்கிப் போயிரும். சட்டுனு ஏறுங்க!"

அணைக்கரையில் பரிசலோட்டி மாரப்பன் துடுப்பை ஊன்றியபடி எச்சரித்தான். பவளக்கொடி தாவி ஏறினாள். அவளோடு வேலை செய்யும் சகாயம் வரைபடச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

அணைநீரின் நடுவே, கடும் வறட்சியில் மட்டும் தலைகாட்டும் மண்திட்டு நரிமேடு. அந்தக் காலத்தில் மாடு மேய்த்தவர்கள் தங்கிய இடம். பவளக்கொடி பழங்கால விலங்கு எலும்புகளை ஆராய்பவள். போன மாதம் அங்கே அவளுக்கு ஒரு மாட்டின் கீழ்த்தாடை கிடைத்தது. மாட்டின் கடைசிக் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக மூன்று மடிப்புகள் இருக்கும். இதிலோ இரண்டுதான்! பிறவியிலேயே அப்படி.

இது ஒரே வம்சத்து மாடுகளுக்கு உரிய அடையாளமாக இருந்தால், அந்த மக்கள் பல தலைமுறைகள் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்றாள் அவள். "ஒரு பல்லை வைத்து ஒரு ஊரையே கட்டுகிறாயா?" என்று கருத்தரங்கில் சிரித்தார்கள். இன்னும் தாடைகள் வேண்டும். திட்டு இன்று மூழ்கினால், அடுத்த வறட்சி எந்த ஆண்டில் வருமோ!

பரிசல் திட்டை அடைந்தது. சரிவில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது; அடியில் இருப்பதே மிகப் பழையது.

"அடி அடுக்குல இருந்து ஆரம்பிப்போம் சகாயம். தண்ணி முதல்ல அதைத்தான் முழுங்கும்!"

கரண்டியும் தூரிகையும் விரைந்தன. அடி அடுக்கில் ஒரு தாடை. இரண்டு மடிப்பு! நடு அடுக்கில் இன்னும் இரண்டு தாடைகள். அவற்றிலும் இரண்டே மடிப்பு! சகாயம் உற்சாகத்தில் கூவினான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பவளக்கொடி மேல் அடுக்குக்கு ஏறினாள். அங்கே கிடைத்த தாடையைத் துடைத்துப் பார்த்தவளின் கை அப்படியே நின்றது.

மூன்று மடிப்பு.

"இதை இங்கயே விட்டுட்டுப் போயிரலாம்," என்றான் சகாயம் மெல்ல. "யாருக்குத் தெரியப் போவுது?"

அவளும் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியுமே! நம்பர் போட்டுப் பெட்டியில வை."

அப்போது திட்டின் விளிம்பு சரிந்தது. கட்டியிருந்த முளையோடு கயிறு பிடுங்கிக்கொள்ள, பரிசல் வெள்ளத்தில் நழுவியது! மாரப்பன் யோசிக்கவில்லை. தண்ணீரில் பாய்ந்தான். நாலைந்து வீச்சில் பரிசலைப் பிடித்து, மூச்சிரைக்க இழுத்து வந்தான். மூவரும் ஏறியதும் பரிசல் பம்பரமாய்ச் சுழன்றது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வழிந்தது.

"கனம் தாங்காதுங்க! எதையாச்சும் வீசுங்க!"

மண்வெட்டி, சல்லடை, தார்ப்பாய், சோற்றுத் தூக்கு எல்லாம் வெள்ளத்தோடு போயின. எலும்புப் பெட்டியை மட்டும் பவளக்கொடி மடியைவிட்டு இறக்கவில்லை.

கரை சேர்ந்ததும் நனைந்த உடையோடு பெட்டியைத் திறந்து, தாடைகளை அடுக்கு வரிசையில் வைத்தாள். மாரப்பன் குனிந்து பார்த்தான்.

"அடியிலயும் நடுவுலயும் ரெண்டு, மேல மூணு... அப்பறமா வெளியூர்க் காளையைக் கொண்டாந்து சேத்தியிருப்பாங்களாட்ட இருக்குதுங்க? எங்க பட்டிலயும் அப்படித்தானுங்க. காளையை மாத்துனா கன்னுக சாடையே மாறிப் போயிரும்."

பவளக்கொடி துள்ளி எழுந்தாள். "அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லையே!"

அடுத்த கருத்தரங்கில் அவள் முதலில் மேசைமேல் வைத்தது அந்த மூன்று மடிப்புத் தாடையைத்தான். "நீண்ட காலம் ஒரே மந்தை. பிறகு வெளியிலிருந்து மாடுகள் வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல இன்னும் தோண்ட வேண்டும்," என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"உங்கள் கருத்துக்கு எதிரான எலும்பை ஏன் காப்பாற்றினீர்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் கேட்காத கேள்விக்கு அதுதானே பதில் வைத்திருந்தது," என்றாள் பவளக்கொடி.

அச்சில் வந்த கட்டுரையில் ஆசிரியர்களாக மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர், பரிசலோட்டி மாரப்பன்.