தண்ணீர் நிற்காத ஜாடி

"கூடப்பிறந்தவனே என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டான் சார்!"

வந்தவள் மண்பாண்டம் செய்பவள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. துப்பறிவாளர் காத்திருந்தார். வீடு பற்றி எரிந்தாலும் எந்த அறையில் என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பதால் அவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். அவருடைய உதவியாளர் பட்டாசு அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

வந்தவள் செய்வது ஜப்பானிய முறையிலான ராக்கு ஜாடி. சூளையில் செக்கச்செவேலென்று இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து மரத்தூளில் புதைப்பாள். மேல்பூச்சு வலைவலையாக வெடிக்கும், புகை மண்ணுக்குள் ஊறும். அப்படிச் செய்த ஒரு ஜாடியை விற்றுத் தருகிறேன் என்று வாங்கிப்போன அண்ணன், தன் பெயரிலேயே போட்டிக் கண்காட்சியில் வைத்துவிட்டான். நேற்று கேட்கப் போனவளைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பியிருந்தார் அமைப்பாளர். இன்று மாலை தீர்ப்பு.

"படுபாவி!" என்றாள் பட்டாசு.

"ஜாடியில உங்க அடையாளம் ஏதாவது?" என்றார் நிதானம்.

"அண்ணன்கிட்ட கொடுக்கிறதுக்கு அடையாளம் எதுக்கு சார்?"

கண்காட்சிக் கூடத்தில் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சது சார். அப்போ அவ சூளைப் பக்கமே போனதில்ல. எங்க வீட்டு மேஜையில தினமும் தண்ணி மாத்திப் பூ வைப்போம்."

"மேஜை கெட்டுப்போகலையா?" என்றார் நிதானம்.

"ஒரு கறை காட்டுங்க பார்ப்போம்! என் கைவேலையாச்சே!"

"இப்படிப் புளுகுறவனைச் சும்மா விட்டீங்களே சார்!" என்று பட்டாசு பல்லைக் கடித்தாள். நிதானம் வாசலுக்குப் போய் தங்கையிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார். வெள்ளைத் துணி விரித்து, ஜாடியை வைத்து, கழுத்துவரை தண்ணீர் ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜாடியின் வயிற்றில் ஓரிடத்தில் ஈரம் அரும்பி, வழிந்து, துணியில் பரவியது.

"ராக்கு மண்ணு முழுசா வேகாது, அதனால கசியும். செய்யறவங்க இதுல தண்ணி ஊத்தவே மாட்டாங்க. விக்கிறவருக்குத்தான் ஜாடின்னா பூ வைக்கத் தோணும்," என்றார் நிதானம். "வயித்துப் பக்கம் இடுக்கி பிடிச்ச இடத்துல பூச்சு பெயர்ந்திருக்கு, முதல்ல அங்கதான் கசியும்னு அந்தம்மா வாசல்ல நின்னே சொன்னாங்க."

அண்ணன் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. உள்ளே வந்த தங்கையிடம், "வீட்டு விஷயம், வீட்டோட போகட்டும்மா," என்றான்.

"வீட்டோடவா? ஊர் முன்னாடி என்னைத் திருடின்னு சொல்ல வச்சியேடா!"

அமைப்பாளர் அவசரமாக ஜாடியில் இருந்த அண்ணனின் பெயர் அட்டையைக் கழற்றினார். "உங்க பேரை இப்பவே போட்டுடறோம். தப்பு நடந்துபோச்சு," என்று முணுமுணுத்தார்.

"நேத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதானே சொன்னீங்க?" என்றாள் அவள். "இதையும் அப்படியே சொல்லுங்க."

அவர் சொன்னார்.

"இன்னும் சத்தமா."