குப்பன் போன படகு

டீ டம்ளரை மருமகள் பக்கம் நகர்த்திய கஸ்தூரியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள் மடியில் இருந்த நீல அட்டை நோட்டைத்தான் பார்த்தாள்.

"இன்னிக்கும் கரைக்குப் போனியா?"

"போனேன் அத்தே."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்..."

சும்மா! மூன்று நாளாக அந்தச் 'சும்மா' கஸ்தூரியம்மாளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஐஸ்வர்யா அயர்லாந்தில் இருக்கும் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்து மேல்படிப்பு படிக்கிறாள். புயல், வெள்ளம், சண்டை என்று வந்து ஜனங்கள் சீரழியும்போது எப்படிப் போய்க் கைகொடுப்பது என்று ஒரு படிப்பாம். ஒரு வருஷம் லேப்டாப்பிலேயே பாடம் நடந்தது. இப்போது ஊரில் ஆய்வு. அதை எழுதிக் கொடுத்தால்தான் கடைசி நாலு மாசம் அங்கே போய்ப் பட்டம் வாங்க முடியும். லோகேஷ் இதற்கெல்லாம் சம்மதித்துத்தான் அவளைக் கட்டினான். கஸ்தூரியம்மாளும் தடுக்கவில்லை. கருவாட்டுக் கூடை சுமந்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள் அவள். மகளிர் குழுவில் கைநாட்டு வைக்கக் கூச்சப்பட்டு, ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவள். படிப்பு என்றால் அவளுக்கு மரியாதை உண்டு.

ஆனால் நேற்று விடியலில் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டாள்.

படகுகளை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வலைக் குவியலுக்குப் பின்னால் நின்று மருமகள் உதட்டை அசைத்தாள். ஒரு தலைக்கு நோட்டில் ஒரு கோடு... எண்ணிக்கொண்டிருந்தாள்! லோகேஷின் படகு நகர்ந்தபோது, தாலி கட்டியவனையும் சேர்த்தே எண்ணினாள்!

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். தலையை எண்ணவே மாட்டார்கள். எண்ணினால் கடல் அதில் ஒன்றை வைத்துக்கொள்ளும் என்று பயம்.

கருவாடு காயவைக்கப் போன இடத்தில் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னா கஸ்தூரி, உம் மருமவ வூடு வூடா வந்து யாரு முழுகாம கீறா, யாருக்கு நடக்க முடியாதுன்னு எழுதிக்கினு போறாளே. எங்க மாமியாருக்கு மாப்ள பாக்குறாளா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை. பச்சையம்மா விடவில்லை.

"தெனம் போன்ல இங்கிலீஷ்ல பேசறா. எவனோ கம்பெனிக்காரன் நம்ம எடத்தக் கேட்டு வரப்போறான், பாத்துக்கோ. ஏரிக்கரை ஊரு தோணிரேவுல பொறந்தவளுக்கு நம்ம கடலோட பயம் எங்க தெரியப்போவுது!"

பேச்சு ஊர்த் தலைவர் முத்துராஜ் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மத்தியானமே வாசலில் வந்து நின்றார்.

"கஸ்தூரி, பொழுது சாயறதுக்குள்ள அந்த நோட்டு ஊர் முன்னால எரியணும். இல்லேன்னா நாளைக்கு லோகேஷ் படகத் தள்ள ஒருத்தனும் கை குடுக்க மாட்டான்."

தள்ள ஆளில்லாத படகு மணலில் கிடக்கும் மரம்தான். லோகேஷ் தலைகுனிந்து நின்றான். அம்மாவையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை.

தலைவர் போனதும் கஸ்தூரியம்மாள் வெடித்தாள்.

"பாவி! எம் புருசனக் கடல் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான்... இவனையும் எண்ணிக் குடுக்க வந்தியா நீ?"

ஐஸ்வர்யாவின் கண் நிறைந்தது. நோட்டை எடுத்து மாமியார் கையில் வைத்தாள்.

"எரிச்சிடுங்க அத்தே. அவரு கடலுக்குப் போவணும். படிப்பு... பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' கஸ்தூரியம்மாளைச் சுரீரென்று சுட்டது. காட்டிக்கொடுக்கிறவள் இப்படிச் சுலபமாக நோட்டைத் தருவாளா? இதிலும் ஏதாவது சூது இருக்குமா? சந்தேகம் விடவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"கு... ப்... ப... ன்."

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

'பெயர்: குப்பன். வயது: முப்பத்தாறு. போன படகு: அன்று யாருக்கும் தெரியாது. தேடியவர்கள்: யாரும் இல்லை. இந்த ஊரில் இன்னொருவரை இப்படி எழுத வேண்டி வரக்கூடாது.'

பதினெட்டு வருஷம்! அவள் புருஷன் குப்பனின் படகு பழுதாகிக் கிடந்த நாள் அது. பக்கத்துக் குப்பத்துப் படகில் ஓர் ஆள் குறைகிறது என்று கரையிலிருந்தே ஏறிப் போய்விட்டான். இவளோ, பழவேற்காட்டில் அவன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறான் என்று நினைத்திருந்தாள். சூறைக்காற்று அடித்தது. படகு கவிழ்ந்தது. அந்தக் குப்பத்துக்காரர்கள் தங்கள் மூன்று பேரின் உடலும் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் படகை நிமிர்த்தியபோது உள்ளே கட்டிவைத்த நாலு தூக்குச்சட்டி இருந்தது. நாலாவது, காதுகுத்துக்குப் போகிற வழிக்கென்று கஸ்தூரியம்மாள் சோறு கட்டிக் கொடுத்தது.

"ஏண்டி..." அவள் குரல் உடைந்தது. "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கண்ணாலமாகி வந்த புதுசுல அந்தத் தூக்குச்சட்டியத் தேச்சிக்கினே நீங்கதான சொன்னீங்க அத்தே... அன்னிக்கே இதத்தான் எழுதணும்னு மனசுல வச்சிட்டேன். யாரு எந்தப் படகுல போறாங்கன்னு கரையில ஒரு நோட்டு இருந்தா, மூணோட நிறுத்தியிருக்க மாட்டாங்க. காத்து வந்தா யார மொதல்ல தூக்கினு ஓடணும்னுதான் வூடு வூடா கேட்டேன். மாமா பேரப் பாத்தா நீங்க அழுவீங்கன்னு பயந்து மறைச்சேன்..."

கஸ்தூரியம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பொழுது சாயும் நேரம். ஊர் கூடியிருந்தது. முத்துராஜ் தீப்பெட்டியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நோட்டைத் திறந்தாள். ஊரே கேட்க, ஒவ்வோர் எழுத்தாக, தடுக்கித் தடுக்கி, அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தாள்.

"அன்னிக்கு யாருமே எண்ணல. கடல் உட்டுடுச்சா? சொல்லுங்கய்யா! மூணு நாளு எம் புருசன் தண்ணியில கெடந்தான். நான் வூட்ல காதுகுத்துப் பலகாரத்துக்குக் காத்துக்கினு இருந்தேன்!"

பச்சையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூலையிலிருந்து கிழட்டு மீனவர் கோதண்டம் எழுந்து வந்தார்.

"எம்பேரு எழுதியாச்சாம்மா? இல்லேன்னா எழுதிக்க. எனக்கு நீச்சல் மறந்து போச்சு."

முத்துராஜ் தீப்பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. "யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் விடியலில் லோகேஷ் படகின் பக்கத்தில் நின்றான். கோதண்டம் முதலில் கை வைத்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியில் முத்துராஜே, யாரையும் பார்க்காமல், தோளைக் கொடுத்தார். படகு அலையில் ஏறியது.

ஐஸ்வர்யா நோட்டைத் திறக்கவில்லை. முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்தபடி மாமியாரைப் பார்த்தாள்.

கஸ்தூரியம்மாள் மருமகளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அலைக்கு மேல் கேட்கும்படி, தன் பிள்ளையில் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... எழுதுடி! லோகேஷ். ரெண்டு..."