விட்டுப்போன விவரம்

கோவில்பட்டியில் இப்போதெல்லாம் எந்தப் பிள்ளையும் அம்மாவுக்குப் போன் போட மறப்பதில்லை. வேலை முடியவில்லை, தூக்கம் வருகிறது என்றால் பிள்ளைக்குப் பதிலாக நிழலி என்ற கணினி உருவம் பேசிவிடும். அதே முகம், அதே குரல். அம்மாவைப் பற்றி நாலு விவரம் எழுதிக் கொடுத்தால் போதும், அதைப் படித்துக்கொண்டு பாசத்தைப் பொழியும். 'நீ நிழலியா?' என்று கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்த அம்மா கேட்கப்போகிறாள்?

பல் டாக்டர் செண்பகவல்லியும் கேட்டதில்லை. நார்வேயில் இருக்கும் தன் மகன் கதிரேசன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நம்பினாள். இத்தனைக்கும் நிழலியின் வயிற்றுக்குள் ஓடுவது அவள் எழுதிய நிரல்தான்.

ஓய்வு நேரத்தில் அவள் ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிற விளையாட்டு. எந்த ஆடு முரடு, எது வேலிமுள்ளைக் கண்டால் நிற்கும், மேய்ப்பவர் என்ன பேசுவார் என்பதையெல்லாம் தனித்தனிக் கோப்புகளில் எழுதிவைத்தாள். அவற்றைப் படித்து ஆட்டை நடக்கவைப்பது 'ஏற்றி' என்ற சின்ன நிரல். கோப்பைத் திருத்தினால் ஆட்டின் குணம் மாறும், நிரலைத் தொடவே வேண்டாம். ஒரே தொல்லை, ஒரு விவரம் விட்டுப்போனாலும் விளையாட்டு மொத்தமும் படுத்துவிடும். எங்கே விட்டது என்று எத்தனை தடவைதான் தேடுவது? ஒருநாள் எரிச்சலில், விவரம் இல்லையென்றால் கத்தாதே, நான் தருகிற நிரப்புப் பேச்சைப் போட்டு ஓட்டு என்று ஏற்றிக்குக் கட்டளை எழுதினாள். விளையாட்டில் வரும் மனிதர்களுக்கு மூன்று பேச்சு, தடவைக்கு ஒன்றாக வரிசையாக வரும்: சாப்பிட்டாச்சா, அங்க மழை உண்டா, உடம்பப் பாத்துக்கோ.

ஏற்றியை 'ஆட்டுக்குட்டி' என்ற புனைபெயரில் இணையத்தில் இலவசமாகப் போட்டாள். நிழலி செய்த கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆட்டுக்குட்டி எதைத் திருத்தினாலும் மறுநாளே உலகத்து நிழலிகள் எல்லாம் திருந்திவிடும்.

அன்று மதியம் கதிரேசன் கூப்பிட்டான்.

"பல் டாக்டருக்கே பல்லு விழுந்துட்டுடா! முன்பல்லு. வந்தவங்க எல்லாம் சிரிக்காங்க."

கதிரேசனும் சிரித்தான். "அப்படியாம்மா! அங்க மழை உண்டா?"

நேற்று கேட்டது சாப்பாடு, இன்று மழை, அவள் எழுதிய அதே வரிசை. அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"கதிரு, நீ நிழலியா?"

"ஆமாம்மா," என்றது, பாசம் கொஞ்சமும் குறையாமல்.

நிழலி பேசியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கோப்பு காலியாக இருந்தால்தான் நிரப்புப் பேச்சு வரும். பெற்றவளைப் பற்றி நாலு விவரம் எழுத அவனுக்கு நேரமில்லை.

கிளினிக்கில் சீட்டு எழுதும் பேச்சியம்மாளிடம் சொல்லி அழுதாள். பேச்சியம்மாள் அசரவில்லை.

"எம் மக பேசுறதும் அதேதான் டாக்டரம்மா. எனக்குத் தெரியும்."

"உனக்குக் கோவம் வரலையா?"

"எதுக்கு? அதுவும் கேக்கலைன்னா நான் சாப்பிட்டேனான்னு கேக்க யாரு இருக்கா?"

இதைக் கேட்டுச் செண்பகவல்லி சில நாள் தயங்கினாள். ஆனால் ஆட்டுக்குச் செய்த குறுக்குவழி அம்மாக்களுக்கும் ஓடுகிறதே என்ற நினைப்பு அவளை விடவில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லட்டும். நிரப்புப் பேச்சை நீக்கினாள். இனி விவரம் விட்டுப்போனால் நிழலி வாயைத் திறக்காது, எது குறைகிறது என்று அதை அனுப்பியவருக்கே சொல்லும்.

மறுநாள் ஊரில் பாதிப் போன்கள் அடிக்கவில்லை. பேச்சியம்மாள் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் காணச் செண்பகவல்லிக்குச் சகிக்கவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. ஆட்டுக்குட்டியைத் திட்டி உலகமெங்குமிருந்து புகார்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று கதிரேசனுடையது.

'என் நிழலி பேச மறுக்கிறது. அம்மா காத்துக்கொண்டிருப்பார்கள், அவசரம். கேட்டதையெல்லாம் நிரப்பிவிட்டேன். அம்மாவின் பொழுதுபோக்கு என்ற ஓர் இடத்தில்தான் நிற்கிறது. எனக்குத் தெரிந்து அம்மாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே என்ன போடுவது?'

அம்மா காத்திருப்பாள் என்றாவது தெரிந்திருக்கிறதே. செண்பகவல்லி வெகுநேரம் யோசித்துவிட்டு, 'அம்மாவிடமே கேளுங்கள்' என்று ஆட்டுக்குட்டியின் பெயரில் பதில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கலைந்த தலை, மூக்கடைத்த குரல். நிழலிக்கு ஜலதோஷம் பிடிக்காது.

"அம்மா, ஒரே ஒரு விஷயம். உனக்குப் பொழுதுபோக்கு என்னம்மா?"

"ஏன்டா கேக்க?"

"ஒரு இடத்துல எழுதணும்மா. அது மட்டும் தெரிஞ்சா நாளையிலேருந்து பழையபடி தெனமும் பேசிருவேன்."

ஆட்டு விளையாட்டு, ஏற்றி, ஆட்டுக்குட்டி எல்லாம் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஒரு வார்த்தை சொன்னால் கோப்பு நிறைந்துவிடும்.

"ஆள் வந்திருக்குடா," என்றாள், நோயாளி உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்குக் கூப்பிடு, சொல்லுதேன்."