நான்தான், வேற யாருமில்ல

எங்கள் தீவில் வசந்தம் வந்துவிட்டால் யாரும் கதவை அறைந்து சாத்த மாட்டார்கள். நாயை அவிழ்த்துவிட மாட்டார்கள். சுத்தியலைக் கையில் எடுக்க மாட்டார்கள். சிவப்புத் துணியைக் கொடியில் காயப்போட மாட்டார்கள்.

ஈடர் வாத்துகள் கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிடும் காலம் அது.

அவற்றுக்காக நாங்கள் கல்லாலும் பலகையாலும் சின்னச் சின்ன வீடு கட்டி, உள்ளே காய்ந்த கடற்பாசியை மெத்தை போலப் பரப்பி வைப்போம். வாத்து தன் மார்பிலிருந்தே பஞ்சு மாதிரித் தூவியைப் பிடுங்கி முட்டைகளைப் பொத்தி வைக்கும். குஞ்சுகளோடு அது கடலுக்குப் போன பிறகு, மிச்சமிருக்கும் தூவியை எடுத்துப் போர்வை தைப்போம். வாத்துக்கு வீடு, எங்களுக்குப் போர்வை. இப்படித்தான் ரொம்பக் காலமாக நடக்கிறது.

யோருனுக்குப் பத்து வயது. அவள் வீட்டு வாசல் படிக்கு அடியிலேயே வருடா வருடம் ஒரு வாத்து வந்து உட்காரும். அதற்குச் சீமாட்டி என்று பெயர். சீமாட்டி வந்துவிட்டால் யோருனும் அவள் அம்மா ஆஸ்தாவும் வாசலை அதற்கே விட்டுவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாத்துகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பருவம் முடியும்வரை ஒரே உடுப்பைத்தான் போட வேண்டும். துவைக்கக் கூடாது. உடுப்பு மாறினால் வாத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. அதோடு, கூடுகளுக்கு நடுவே நடக்கும்போது தினமும் ஒரே பேச்சை மெதுவாக முணுமுணுக்க வேண்டும். யோருன் முணுமுணுப்பது இது:

“நான்தான், வேற யாருமில்ல. நான்தான், வேற யாருமில்ல.”

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் வாத்து என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. தலையைக்கூடத் திருப்பாது. எங்கள் தீவில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

பள்ளிக்கூடம் பக்கத்துத் தீவில் இருந்தது. படகில்தான் போக வேண்டும். யோருன் தினமும் படகுக் கொட்டகையில் தன் பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள்.

“உன் வாத்துச் சட்டை எங்கடி?” என்று கேட்டாள் அவள் தோழி லிஸ்பெத்.

“கொட்டகையில மாட்டியிருக்கேன்.”

“நல்லாக் கட்டி வை. அந்த நாத்தத்துக்கு, அதுவே எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்துடும்.”

“வரட்டுமே. உன்னைவிட நல்லாக் கணக்குப் போடும்” என்றாள் யோருன்.

அன்று சாயங்காலம் பள்ளிப் படகு திரும்பி வரும்போது எல்லோருடைய பேச்சும் நின்றுபோனது. வடக்கே, பாறைகளுக்கு நடுவில், ஒரு சரக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கடலில் பரவிக்கொண்டிருந்தது. காற்றில் எரியெண்ணெய் வாடை.

படகு கரையைத் தொட்டதும் யோருன் குதித்து ஓடினாள்.

“அம்மா! அம்மா! கப்பல்! எண்ணெய்!”

ஓடிய வேகத்தில் கொட்டகையை மறந்தாள். ஜன்னலையும் மறந்தாள். சிவப்புச் சட்டையோடு வாசல் படியில் தடதடவென்று ஏறினாள்.

காலடியில் படபடவென்று சத்தம். சீமாட்டி வெளியே பாய்ந்து, தாழப் பறந்து, நேராகக் கடலில் போய் இறங்கியது. வடக்குப் பக்கத்துக் கடலில்!

யோருன் அப்படியே நின்றுவிட்டாள். கறுப்பு எண்ணெய் முனையைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். விஷயம் அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்தது.

“அழாதே. போய்ச் சட்டையை மாத்துடி. ஓடாதே, நட.”

யோருன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, படிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாக முணுமுணுத்தாள்.

“நான்தான், வேற யாருமில்ல. நான்தான்…”

சீமாட்டி தண்ணீரில் இந்தப் பக்கம் நீந்தியது. அந்தப் பக்கம் நீந்தியது. எண்ணெய்க்கும் அதற்கும் இடையில் ஒரு படகு நீளம்தான் இருந்தது. பிறகு என்ன நினைத்ததோ, கரையேறி, ஆடி ஆடி நடந்து வந்து, யோருனைத் தாண்டிப் படிக்கு அடியில் நுழைந்துகொண்டது.

யோருன் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் எண்ணெய் அள்ளும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். துறையில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டுவது என் வேலை. அதனால் எல்லோருக்கும் முன்னால் அவர்களைப் பார்த்தவன் நான்தான். தலையிலிருந்து கால்வரை ஆரஞ்சு நிற உடுப்பு. கையில் மண்வெட்டி, வாளி, சாக்கு, சுருட்டி வைத்த மிதவை வேலி. எல்லோரும் நல்ல மனுஷர்கள், ஆனால் எல்லோருக்கும் பெரிய குரல். அவர்களில் தோர்ஸ்டைன் என்பவன் கதவளவு இருந்தான். அவன் தும்மியதில் துறையிலிருந்த கடற்காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

துறையிலிருந்து வடக்குக் கரைக்கு ஒரே பாதைதான். அது வாத்து வீடுகளுக்கு நடுவேதான் போகிறது.

அந்தப் பாதையின் நடுவில் யோருன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“இப்படியே போகக் கூடாது!”

ஆட்களுக்குத் தலைவியாக வந்த ஹெர்டிஸ் முன்னால் வந்தாள்.

“பாப்பா, நாங்க உங்க வாத்துங்களைக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம். வழி விடு.”

“இந்த உடுப்போட போனா எல்லா வாத்தும் பயந்து கடல்ல போய் இறங்கிடும். எண்ணெய்லதான் இறங்கும். இறகுல எண்ணெய் ஒட்டினா உள்ள தண்ணி போயிடும். குளிர்லயே செத்துடும். முட்டையும் ஆறிப் போயிடும். நேத்து என் சிவப்புச் சட்டையைப் பார்த்தே சீமாட்டி ஓடிடுச்சு. நீங்க இத்தனை பேர் இருக்கீங்க!”

ஹெர்டிஸ் யோசித்தாள். “படகுல சுத்திப் போகலாமா?”

“அந்தப் பக்கம் முழுக்கப் பாறை. படகு ஒதுங்காது” என்றேன் நான்.

“குஞ்சு எப்போ பொரியும்?”

“சீக்கிரமே. பொரிஞ்சதும் அம்மா வாத்து எல்லாத்தையும் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போயிடும்” என்றாள் யோருன்.

“அப்போ அதுக்குள்ள கரையைச் சுத்தம் பண்ணியாகணும். போகாமலும் இருக்க முடியாது, போகவும் முடியாதுன்னா எப்படி?” என்று ஹெர்டிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

யோருன் தன் அழுக்குச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு தோர்ஸ்டைனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்த ஆரஞ்சுக்கு மேல எங்க பழைய உடுப்பைப் போட்டுக்குங்க! எல்லா வீட்லயும் போன வருஷத்து வாத்து உடுப்பு இருக்கு.”

“அது நடக்காது, பாப்பா. பனிமூட்டத்துல ஆள் கண்ணுக்குத் தெரியணும். ஆரஞ்சு போட்டே ஆகணும்னு சட்டம். உங்க துணியும் எண்ணெய்ல பாழாகும்.”

“நடக்கும்போது மட்டும் எங்க உடுப்பு” என்றாள் யோருன். “கடைசிப் பாறையைத் தாண்டினதும் கழட்டி வெச்சிடுங்க. அங்க இருந்தா வாத்துங்களுக்குத் தெரியாது. ஆரஞ்சோட வேலை பாருங்க. திரும்பும்போது எடுத்து மாட்டிக்குங்க.”

ஹெர்டிஸ் தலையாட்டினாள். “சரி, கொண்டு வாங்க” என்றாள்.

ஊரே பெட்டிகளைத் திறந்தது. பூச்சி அரித்த மேல்கோட்டு, ஒட்டுப்போட்ட கால்சட்டை, சாம்பல் சால்வை எல்லாம் வந்தன. பக்கத்து வீட்டு ஓலுஃப், உடுப்பு போதவில்லை என்றதும் போட்டிருந்த கால்சட்டையையே கழற்றிக் கொடுத்துவிட்டு, முழங்கால் தெரிய வீட்டுக்கு ஓடினார். தோர்ஸ்டைனுக்கு மட்டும் எதுவுமே பொருந்தவில்லை. கடைசியில் ஆஸ்தாவின் பழைய சாம்பல் பாவாடையைக் கழுத்திலிருந்து கட்டிவிட்டார்கள்.

“எங்கம்மா பார்த்தா அழுவாங்க” என்றான் தோர்ஸ்டைன்.

“ஏன்? இவ்வளவு அழகா இருக்கியேன்னா?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

“ஷ்!” என்றாள் யோருன். உடனே அடங்கினார்கள்.

முதலில் தோர்ஸ்டைனை மட்டும் அனுப்பிப் பார்ப்பதாக முடிவானது. யோருன் கூடவே நடந்தாள்.

“சும்மா நடக்காதீங்க. முணுமுணுத்துக்கிட்டே நடங்க.”

தோர்ஸ்டைன் தொண்டையைச் செருமினான். “வணக்கம், வாத்துகளே! நான் தோர்ஸ்டைன். எனக்கு மீன் சூப்புன்னா ரொம்ப…”

ஒரு வாத்து கழுத்தை நீட்டி எழுந்தது.

“ஐயோ, கதையெல்லாம் சொல்லாதீங்க!” என்று கிசுகிசுத்தாள் யோருன். “உங்களை அதுக்குத் தெரியாது. என்னைத்தான் தெரியும். நான் சொல்றதையே சொல்லுங்க. மெதுவா.”

அந்தப் பெரிய மனுஷன் முதுகை வளைத்து, குரலைத் தாழ்த்தி, குழந்தையைத் தூங்க வைப்பது போலச் சொன்னான்.

“நான்தான், வேற யாருமில்ல. நான்தான், வேற யாருமில்ல.”

எழுந்த வாத்து கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தது. பாவாடையைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

ஹெர்டிஸ் தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நடந்தார்கள். பழைய சால்வையும் கோட்டுமாக, வரிசையாக, அத்தனை பெரிய ஆட்களும், “நான்தான், வேற யாருமில்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஹெர்டிஸும் ஓலுஃபின் கால்சட்டையில் முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் துறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

தினமும் இப்படியே நடந்தது. மிதவை வேலி கட்டி எண்ணெயை மறித்தார்கள். கறுப்பை அள்ளி அள்ளிச் சாக்கில் கட்டினார்கள். ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார்கள். பாறைகளுக்குக் கறுப்பு போய்ப் பழைய நிறம் திரும்பியது. பாதி எண்ணெய் கடலில் எங்கே போனதோ, அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆனால் எங்கள் கரையில் ஒரு வாத்துகூடக் கூட்டை விட்டு ஓடவில்லை.

ஒரு நாள் காலையில் படிக்கு அடியிலிருந்து கீச் கீச் என்று சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் சீமாட்டி வெளியே வந்தது. பின்னால் நான்கு குஞ்சுகள், கறுப்புப் பஞ்சு உருண்டைகள் போல.

அப்போது பார்த்து ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படியே சிலை மாதிரி நின்றார்கள். சீமாட்டி அவர்கள் காலுக்கு நடுவே புகுந்து நடந்தது. கடைசிக் குஞ்சு தோர்ஸ்டைனின் காலணியில் முட்டி, உருண்டு, எழுந்து ஓடியது. அவனுக்கு மூக்கு நமநமத்தது. தும்மல் வந்துவிட்டது! இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, “நாந்தாங்… வேற யாரும்பில்ல…” என்றான்.

குஞ்சுகள் சுத்தமான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் குதித்தன. சீமாட்டி அவற்றைக் கூட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் நீந்திப் போனது. அதற்கப்புறம்தான் அவன் தும்மினான்.

ஆட்கள் ஊருக்குத் திரும்பும் நாளில் எல்லோரும் உடுப்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். தோர்ஸ்டைன் மட்டும் கொடுக்கவில்லை.

“பாப்பா, இந்தப் பாவாடையை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? அடுத்த வருஷம் கப்பல் எதுவும் முட்டாமலே வரேன்.”

“எடுத்துக்குங்க. ஆனா துவைச்சிடாதீங்க” என்றாள் யோருன்.

அடுத்த வசந்தத்தில், சொன்னபடியே அவன் வந்து இறங்கினான். துறையிலேயே பாவாடையைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். முணுமுணுத்துக்கொண்டே யோருனின் வீடுவரை நடந்து, வாசல் படிக்கு எதிரில் மெல்ல உட்கார்ந்தான்.

சீமாட்டி தலையைக்கூடத் திருப்பவில்லை.