தீவில் இருந்த ஒரே ஆள்

காலை மணி 11.10. டயாலிசிஸ் சென்டர் வரவேற்பறையில் நர்ஸின் கன்னத்தில் விழுந்த அறை கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. அடித்தவள் ஒரு நோயாளியின் மகள். அவளுடைய அப்பா ரத்தத்தில் கிருமி ஏறி, திங்கட்கிழமையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். அவள் போனில் யாரோ அனுப்பிய பதினான்கு விநாடி வீடியோ.

அதில் இருந்தது இதே நர்ஸ்தான். "பழைய டியூபைத்தான் கழுவி மாட்டினேன். என் கையாலதான் மாட்டினேன்."

அவ்வளவுதான். ஊர் வாய்க்கு அது போதாதா? அரை மணி நேரத்தில் அவளுக்குக் கொலைகாரி என்று பேர் வைத்தாயிற்று.

11.45. சப்-இன்ஸ்பெக்டர் வந்தாள். ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் அவளை மிளகாய் என்பார்கள்.

"கேஸ் முடிஞ்சிருச்சு மேடம்," என்றார் ஏட்டு. "அவளே ஒத்துக்கிட்டா. முகம் தெரியாதவங்களோட வீடியோவுல பேசற ஆப்ல உளறியிருக்கா. குடும்பப் பொம்பள பண்ற வேலையா இது?"

"எடுத்தது யாரு?"

"எவனோ வெளிநாட்டுக்காரன்."

"அவனுக்கு நோயாளியோட மக நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

ஏட்டு தலையைச் சொறிந்தார். சப்-இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை இருபது வருஷ சர்வீஸில் எத்தனை தடவைதான் பார்ப்பது!

ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"எதுக்கும்மா அந்த ஆப்?"

"மனசுல இருக்கறதக் கொட்ட ஆள் இல்ல மேடம். எந்த நாட்டு ஆள் வரணும்னு அதுல ஃபில்டர் போட்டுக்கலாம். மேப்புல கொசு உட்கார்ந்தா மறைஞ்சு போற மாதிரி ஒரு தீவைப் போட்டேன். நம்ம பாஷை அங்க யாருக்குப் புரியப் போகுது? டியூபைக் கழுவி மாட்டச் சொல்லி மேனேஜர் சார் படுத்தினதை எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அங்கதான் சொல்லி அழுவேன்."

"மேனேஜர் சொன்னார்னு இங்க யார்கிட்டயாவது சொன்னியா?"

"காலையிலேருந்து கத்தறேன். வீடியோவுல நீதானே சொல்றேங்கறாங்க."

"தீவுக்காரங்க எவ்வளவு நேரம் கேப்பாங்க?"

"எங்க மேடம்! ரெண்டு மூணு பேர்தான் வருவாங்க. பத்து விநாடி மூஞ்சியப் பார்த்துட்டுத் தள்ளிடுவாங்க. போன வாரத்துலேருந்து ஒருத்தர் மட்டும் பொறுமையா இருந்தார். கேமரா போட மாட்டார், திரை கறுப்பாத்தான் இருக்கும். அப்பப்ப ஒரு பூப்படம் அனுப்புவார்." அதைச் சொல்லும்போதுதான் அவள் உடைந்து அழுதாள்.

12.20. நர்ஸின் புருஷன். வெல்டர்.

"போனை உடைப்பேன்னு மிரட்டினீங்களா?"

"ஆமா. கண்டவனோட பேசினா?"

"எந்த நாட்டுக்காரனோட?"

"எவனுக்குத் தெரியும்? எல்லாம் ஏதோ வெள்ளைக்காரனுங்கதான்."

12.35. மெஷின் பழுது பார்ப்பவர், ஸ்டோர் ரூமுக்கு அடுத்த அறைக்காரர்.

"அவங்க அழறது உங்களுக்குக் கேக்குமா?"

"தினமும் கேக்கும். நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டியது பழைய பட்டன் போன்.

12.50. மேனேஜர். தேன் தடவிய பேச்சு. மேஜை ஓரத்து பிளாஸ்டிக் தட்டில் நர்ஸ்களின் ஐந்து போன்கள் கிடந்தன.

"டூட்டி நேரத்துல நர்ஸுங்களுக்குப் போன் கூடாது மேடம். ஒன்றரைக்கு என் கையால திருப்பிக் கொடுப்பேன்."

ஒரு போன் மினுங்கியது. பேச்சை நிறுத்தாமலே மேனேஜர் அதைக் குப்புறக் கவிழ்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் அதற்குள் படித்துவிட்டாள்.

1.15. எல்லோரையும் அந்த அறைக்கே கூப்பிட்டாள்.

"ஏட்டய்யா, வீடியோவோட மூலையில என்ன இருக்கு?"

ஏட்டு கண்ணை இடுக்கினார். "31:06."

"பேச ஆரம்பிச்சு ஆன நேரம் அது. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சு? புரியாத பாஷையில ஒருத்தி அழறதை எந்தத் தீவுக்காரன் முப்பத்தோரு நிமிஷம் கேப்பான்? இவனுக்குப் பாஷை புரிஞ்சிருக்கு. தீவுல இருக்கற மாதிரி போன்ல இடத்தை மாத்திக் காட்டிட்டு, இங்கேயே உட்கார்ந்திருக்கான்."

"லட்சம் பேர் திரியற ஆப்ல இவளை எப்படிப் பிடிக்கிறது மேடம்?" என்றார் ஏட்டு.

"ஆளே இல்லாத தீவுய்யா அது! அங்க போய் நின்னா இவ தானா வந்து மாட்டுவா. தீவோட பேரும், இவ வர்ற நேரமும் தெரிஞ்சாப் போதும்."

கவிழ்ந்து கிடந்த போனைத் திருப்பினாள். நர்ஸுடையது. பூட்டிய திரையிலேயே அந்த ஆப் அனுப்பிய செய்தியில் தீவின் பேர் இருந்தது. 'இப்போது ஒருவர் காத்திருக்கிறார்.'

"புருஷனுக்குத் தீவு எதுன்னே தெரியாது. மெஷின்காரர் போன்ல வீடியோவே வராது. ஆனா இது தினமும் உங்க மூக்குக்கு அடியில மினுங்குது, மேனேஜர் சார். ஒன்றரைக்குப் போனைக் கொடுத்துட்டு நீங்களும் தீவுக்குக் கிளம்பிடுவீங்க. நோயாளியோட மக நம்பரும் உங்க ரெஜிஸ்டர்லயே இருக்கு. எடுங்க உங்க போனை."

மேனேஜர் தன் போனைத் திறந்து நீட்டினார்.

முழு வீடியோவும் திங்கட்கிழமைத் தேதியோடு அதில் இருந்தது. வேறு துண்டு வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தான், மகாபாவி! சப்-இன்ஸ்பெக்டர் சத்தத்தைக் கூட்டினாள்.

"கழுவி மாட்டலைன்னா வேலையை விட்டுப் போன்னு மேனேஜர் சொல்லிட்டார்," என்றது நர்ஸின் குரல். பிறகு அந்தப் பதினான்கு விநாடி. அதற்குப் பிறகும் குரல் நிற்கவில்லை. "எட்டாம் கட்டில் அம்மாவுக்கும் அதே டியூப்தான். அவங்களுக்கும் குளிர் ஜுரம். இனிமே நான் தொட மாட்டேன்."

நோயாளியின் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"திங்கக்கிழமையே கேட்டிருக்கே," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். 'சார்' போய்விட்டது. "அந்த அம்மாவுக்கு அடுத்த முறை, புதன்கிழமை, எந்த டியூப்?"

"அதேதான்," என்றாள் நர்ஸ். "நான் முடியாதுன்னேன். இவரே மாட்டினார்."

"உலகத்துலயே இவ சொன்னதை முழுசாக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்டா! அந்த அம்மா இப்ப எங்க?"

"வாசல் பெஞ்சுல," என்றாள் நர்ஸ். "இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவங்க முறை." சொல்லிக்கொண்டே ஓடினாள். நோயாளியின் மகளும் பின்னாலேயே ஓடினாள்.

பெஞ்சில் சுருண்டிருந்த அம்மாளை இருவரும் தோள் கொடுத்து ஜீப்பில் ஏற்றினார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"மேடம், அப்ப நான்?" என்றான் மேனேஜர்.

"ஏட்டய்யாவோட உட்காரு. அந்த அம்மா பிழைக்கறாங்களா இல்லையான்னு பார்த்துட்டுத்தான் உன் மேல என்ன கேஸ்னு எழுதணும்."