வெளிச்சம் விழாத இடம்

முப்பத்தாறு படம் முடிந்த பிறகும் காமிரா நிற்கவில்லை. பிரிஸில்லா லிவரை இழுத்தாள். அது எதையும் பற்றாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு படம் எடுத்தாள். மறுபடி இழுத்தாள். எண் காட்டும் சின்ன வட்டம் கடைசி எண்ணையும் தாண்டிப் போயிருந்தது.

“ஒனக்க காமிராவுக்கு வயிறு நெறயாதோ?” என்று சிரித்தான் லிபின். மகள் அஞ்சு அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாண நாளுக்கு அவன் வாங்கித் தந்த பழைய பிலிம் காமிரா அது. இருவருக்கும் கழக்கூட்டத்தில் ஒரே கம்பெனியில் வேலை. ஹைவேயை ஒட்டிய கட்டிடத்தில் நான்காவது மாடி பிளாட். பிரிஸில்லா யூடியூபில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சங்குமுகம் கடற்கரை, கரமனை ஆற்றுப் படித்துறை, பாறசாலையில் அம்மை வீட்டு முற்றம் என்று போன இடமெல்லாம் சுமந்தாள். எடுத்ததில் முக்கால்வாசியும் லிபின்தான்.

சாலை பஜாரில் அரிசி மண்டிகளுக்கு நடுவே பகவதி என்ற திருநெல்வேலிக்காரி ஸ்டூடியோ வைத்திருந்தாள். பாஸ்போர்ட் போட்டோதான் அவள் பிழைப்பு. கேட்டால் பிலிமும் கழுவித் தருவாள். ரோலை வாங்கப் போன அன்று அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“பிலிம் ஓடவே இல்லம்மா. முனையைச் சரியா மாட்டாம விட்டிருக்க. பல்சக்கரம் ஓட்டையெல்லாம் கிழிச்சுப்போட்டு, பிலிம் ஒரே எடத்துல நின்னுட்டு. நீ எடுத்த அத்தனை படமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு. புதுசா படிக்கவங்க எல்லாரும் பண்ணுத தப்புதான்.”

விளக்குப் பெட்டியின் மேல் நெகட்டிவை வைத்தாள். வெளிச்சம் பட்ட இடம் நெகட்டிவில் கறுக்கும். அத்தனை தடவை பட்ட அந்த ஒற்றைக் கட்டம் தார் பூசியது போலிருந்தது. ஆனால் இடது ஓரத்தில் ஓரிடம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பிரிஸில்லா குனிந்தாள். தலை. தோள்கள். முழங்காலுக்கும் கீழே தொங்கும் ஒரு கை.

“அந்த எடத்துல மட்டும் ஒரு தடவகூட வெளிச்சம் விழல” என்றாள் பகவதி. “காமிரா வார் முன்னால தொங்கியிருக்கும். அதுவும் புதுசுல நடக்கதுதான்.”

வார் ஆடும். அசையும். உச்சி வெயில் கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் அம்மை வீட்டு முற்றத்திலும், ஒவ்வொரு முறையும் மயிரிழை விலகாமல் அதே இடத்தில் வந்து நிற்குமா? பிரிஸில்லா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் லிபினிடம் காட்டினாள்.

“அது ஒனக்க விரலாட்டு இருக்கும். சும்மா கெடந்து பேடிக்காத.”

“எனக்க விரலை எனக்குத் தெரியாதா? அதுக்குத் தலை இருக்கு.”

அவன் நெகட்டிவைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு டீ போடப் போனான்.

இரண்டாவது ரோலை பகவதியே மாட்டிக் கொடுத்தாள். லிவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழ் சேர்ந்து சுற்றினால்தான் பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். பிரிஸில்லா ஒவ்வொரு முறையும் குமிழைப் பார்த்தாள். காமிராவில் கண் வைத்ததும் முதலில் இடது ஓரத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கடல் இருந்தது, வானம் இருந்தது, லிபின் பல் தெரியச் சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் டீ கிளாஸோடு நின்றவனை எடுத்ததும் லிவர் இறுகி நின்றுவிட்டது. ரோல் முறையாக முடிந்திருக்கிறது. மனசு லேசானது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம்தான் லிபின் கண் கூசுகிறது என்றான். ஆபீஸில் பாதிப் பேருக்குச் செங்கண் நோய் வந்திருந்ததால் அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான், குழந்தையையும் பார்த்துக்கொண்டான். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்குகளை அணைத்தே வைத்திருந்தான். அவள் வேலை முடிந்து வருகையில் பகவதி பிலிம் கழுவும் மருந்தைப் போல, வீடு முழுக்கப் புளித்த காடியின் வாசம் லேசாகக் கிடந்தது. இருட்டிலேயே தடவி அவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். கன்னம் மழையில் நனைந்த சுவரைப் போலச் சில்லிட்டிருந்தது. கண் எங்கே இருக்கிறது என்று விரலுக்குச் சட்டெனப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போனபோது பகவதி சிரிக்கவில்லை. துண்டு துண்டாக வெட்டிய நெகட்டிவை விளக்குப் பெட்டியில் பரப்பி வைத்துவிட்டு, எட்டிப் போய் நின்றுகொண்டாள்.

முதல் துண்டு. கடல். வலது ஓரத்தில் லிபின், இடது ஓரத்தில் அது. அடுத்ததில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் தூரம். படித்துறையில் ஒரு கை தூரம். முற்றத்தில் அதன் நீண்ட கை அவன் தோளில் கிடந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த படங்களில் அவன் முகம் பாதிதான் இருந்தது. பிறகு கால் பாகம்.

கடைசிப் படம். பால்கனிக் கம்பி. வானம். ஆள் பிடிக்காமல் நிற்கும் ஒரு டீ கிளாஸ். அதற்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடம்.

“இது யாரும்மா?”

“எனக்க வீட்டுக்காரரு” என்றாள் பிரிஸில்லா. சொன்ன குரல் அவளுடையதாக இல்லை.

அந்தப் படம் எடுத்து ஆறு நாள் ஆகிவிட்டது. ஆறு நாளும் அதன் பக்கத்தில் படுத்திருந்தாள்.

லிபினுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“எடி, எங்க நிக்க? இஞ்ச கரண்டு போச்சு.” லிபினின் குரல்தான். கொஞ்சமும் மாறவில்லை.

“பிள்ளை எங்க?”

“எனக்க மடியில இருக்கா.”

“அவளை எதிர் வீட்டு அக்காட்ட குடுங்க. நான் இப்பம் வாறேன்.”

“என்னத்துக்கு? அவ இஞ்ச நல்லா இருக்கா.”

எதிர் வீட்டுக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஹைவேயில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. சிவப்பு விளக்குகள் ஈரச் சாலையில் நீளமாக ஒழுகின. மறுபடி மறுபடி லிபினை அழைத்தாள். ஒவ்வொரு முறையும் எடுத்தான். ஒவ்வொரு முறையும் பின்னால் அஞ்சுவின் சிரிப்புக் கேட்டது. கடைசி முறை கேட்கவில்லை.

படிக்கட்டு இருண்டு கிடந்தது. நான்கு மாடி. எதிர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவர்கள் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. காடி வாசம்.

“அஞ்சு?”

“சத்தம் போடாத” என்றது சோபாப் பக்கத்திலிருந்து லிபினின் குரல். “ஒறங்குகா.”

சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டாள். எரியவில்லை. தடவிக்கொண்டே நடந்தாள். கால் எதிலோ இடறியது. மகளின் ஒரு செருப்பு. குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தாள்.

கரண்டு வந்தது. டியூப்லைட் ஒருமுறை துடித்தது. இன்னொரு முறை. பிறகு நின்று எரிந்தது.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. தரையில் விழுந்தது. சோபாவின் கிழிந்த ஓரத்தில் விழுந்தது. சோபாவின் நடுவில் விழவில்லை. அங்கே தலை, தோள்கள், வளைந்து எதையோ தாங்கியிருக்கும் நீண்ட கை. அந்தக் கையின் வளைவில் அஞ்சு இருந்தாள். அவள் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை; பாவாடை இல்லை; இடுப்பு இல்லை. கழுத்துக்கு மேலே முகம் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, பிரிஸில்லாவைப் பார்த்து, கையை நீட்டினாள். ஐந்து குட்டி விரல் நுனிகள் காற்றில் தனியாக அசைந்தன.

“அம்மை” என்றாள்.